பதினைந்து வருஷம் புடுங்கிய ஆணி

போன வாரம் ராத்திரி பத்தரை மணி இருக்கும். பழைய ஆபீஸ் நண்பன் போன் பண்ணினான். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, "மச்சி, 'டெம்ப்ரரி, அடுத்த ரிலீஸ்ல எடுத்துடணும்'னு கமெண்ட் போட்டு ஒரு லாக் வெச்சிருக்கியே, அதை எதுக்குடா வெச்ச?" என்றான்.

எனக்கு சுத்தமாக ஞாபகம் இல்லை. நான் அந்தக் கம்பெனியை விட்டே நாலு வருஷம் ஆகிறது. "எடுத்துட்டுத்தான் பாரேன்" என்றேன். "எடுத்தா எது உடையும்னு தெரிஞ்சா உனக்கு ஏன்டா போன் பண்றேன்?" என்றான். நியாயமான கேள்வி. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அப்புறம் அவன் குழந்தை அழுதது, வெச்சிட்டான்.

எனக்குத்தான் தூக்கம் போச்சு. அப்போது ஞாபகம் வந்தது இந்தக் கதை. லினக்ஸ் கெர்னலில் 1996ல் போட்ட ஒரு பூட்டை 2011ல் கழட்டி முடித்த கதை. நடுவில் பதினைந்து வருஷம். உலகத்திலேயே கெட்டிக்கார புரோகிராமர்கள் பல பேர் சேர்ந்து புடுங்கிய ஆணி இது. (ஆபீஸ் வேலைக்கு 'ஆணி'ன்னு பேர் வெச்ச நேசமணிக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம்.) பொட்டி தட்டாத மக்களும் படிக்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். பொட்டி தட்டுற மக்கள் அங்கங்கே எளிமைப்படுத்தியிருக்கிறதை மன்னிச்சு விட்டுடுங்க :-)

முதலில் கெர்னல்னா என்ன? ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதி. நீங்க ஒரு எழுத்து தட்டினாலும், ஒரு ஃபைலை சேமித்தாலும், நெட்டில் ஒரு படம் பார்த்தாலும் எல்லாம் இது வழியாகத்தான் போய் வரணும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இதை எழுத ஆரம்பித்தது ஒரு 386 கம்ப்யூட்டரில். அதில் ஒரே ஒரு ப்ராசசர். அங்கேதான் நம்ம கதையின் வேர் இருக்கு.

ஒரு ப்ராசசர்தான் என்றால், ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் கெர்னலுக்குள் இருக்க முடியும். உள்ளே போனவர் டிஸ்க்கில் இருந்து ஏதாவது வரட்டும் என்று தானாக ஒதுங்கித் தூங்கினால்தான் அடுத்தவர் நுழையலாம். (ஹார்டுவேர் இடையில் வந்து தட்டும், அதை இப்போதைக்கு விடுங்க.) அதனால் அந்தக் காலத்தில் லினக்ஸுக்கு கோட் எழுதின எல்லாரும், "இந்த நொடியில் உள்ளே நான் மட்டும்தான்" என்று நம்பி எழுதினார்கள். அந்த நம்பிக்கையை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அது இருந்தது. 1994 மார்ச்சில் 1.0 வந்தபோது மொத்தம் 1,76,250 வரிகள். அத்தனையும் இந்த நம்பிக்கையின் மேல் கட்டினது.

அப்புறம் ரெண்டு ப்ராசசர் வெச்ச போர்டுகள் வர ஆரம்பித்தன. இப்போ ஒரே நேரத்தில் ரெண்டு பேர் உள்ளே நுழையலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரை நினைச்சுக்குங்க. ஒரே சார்ட், ரெண்டு கிளார்க். முதல் கிளார்க் 23ஆம் நம்பர் பெர்த் காலியாக இருப்பதைப் பார்க்கிறார். அவர் பேனாவைத் திறப்பதற்குள் ரெண்டாவது கிளார்க்கும் அதே 23 காலி என்று பார்க்கிறார். ரெண்டு பேரும் டிக்கெட் கொடுத்துடறாங்க. சண்டை விழுப்புரம் தாண்டித்தான் வெடிக்கும். கெர்னலில் பெர்த்துக்குப் பதில் மெமரி, அவ்வளவுதான் வித்தியாசம். வெடிப்பது எப்போ, எங்கே என்று தெரியாது என்பதும் அதே மாதிரிதான்.

இதைச் சரி பண்ண உட்கார்ந்தவர் ஆலன் காக்ஸ். அந்த நாட்களில் லினஸுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்பட்டவர், தாடிக்காரர். தாமஸ் ராட்கே என்பவர் ஏற்கெனவே ஆரம்பித்திருந்த வேலையை அடித்தளமாக வைத்துக்கொண்டார். சோதித்துப் பார்க்க ரெட்டை பென்டியம் போர்டு வேணுமே? கால்டெரா என்ற கம்பெனி ஒரு ஏசஸ் போர்டை நன்கொடையாகக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்லி அவர் எழுதின குறிப்பு கெர்னல் ஆவணங்களிலேயே இருந்தது. இந்தக் கால்டெரா பேரை மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

ஆலன் காக்ஸ் முன்னால் ரெண்டு வழி. ஒண்ணு, அத்தனை வரிகளையும் படித்து, எதை எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூட்டு போடுவது. பல வருஷ வேலை. இன்னொண்ணு, வாசலில் ஒரே பூட்டு. கெர்னலுக்குள் யார் நுழைந்தாலும் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டுதான் நுழையணும், வெளியே வரும்போது கொடுத்துடணும். ரெண்டாவது ப்ராசசர் வந்தால் வாசலில் காத்திருக்கணும். உள்ளே இருக்கிற பழைய கோட் எதையும் தொட வேண்டாம். "உள்ளே நான் மட்டும்தான்" என்ற பழைய நம்பிக்கை பொய்யாகாமல் அப்படியே காப்பாற்றப்படும்.

அவர் ரெண்டாவது வழியில் போனார். 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பில் இது இருந்தது. பேர் பிக் கெர்னல் லாக், சுருக்கமாக பிகேஎல். பின்னாளில் இதைத் திட்டாதவர்கள் கிடையாது. ஆனால் நான் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ரெட்டை ப்ராசசர் மெஷின் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? ஒத்தை ப்ராசசர் மெஷினுக்கு கம்பைல் பண்ணினால் அந்தப் பூட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும், செலவு பூஜ்யம். ப்ரோகிராம்கள் கணக்கு போடுவது, கம்பைல் பண்ணுவது மாதிரி வேலைகள் கெர்னலுக்கு வெளியேதான் நடக்கும், அதுக்கு ரெண்டு ப்ராசசரும் ஒழுங்காகப் பயன்பட்டது. கையில் இருக்கிற ஆளையும் நேரத்தையும் வைத்து எடுத்த சரியான முடிவு.

வம்பு எங்கே என்றால், இந்தப் பூட்டு சாதாரணப் பூட்டு இல்லை. கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியை நினைச்சுக்குங்க. ஒரே சாவி, பெண் வீட்டு மாமா இடுப்பில் இருக்கு. பருப்பு வேணும்னாலும் அவர்தான், ஜமுக்காளம் வேணும்னாலும் அவர்தான். இதுவரைக்கும் சரி. ஆனா இந்த மாமாகிட்ட ரெண்டு விசேஷ குணம். ஏற்கெனவே சாவி வைத்திருப்பவர் மறுபடியும் "சாவி கொடு" என்று கேட்டாலும் மாட்டிக்கொள்ள மாட்டார். எத்தனை தடவை கேட்டாரோ அத்தனை தடவை திருப்பிக் கொடுத்தால்தான் பூட்டு திறந்ததாகக் கணக்கு. ரெண்டாவது குணம் இன்னும் மோசம். சாவி வைத்திருப்பவர் உள்ளே கண் அசந்தால் சாவி தானாக அவர் இடுப்பில் இருந்து கழன்று வாசல் ஆணியில் போய் மாட்டிக்கொள்ளும். அவர் முழித்ததும் மறுபடி அவர் இடுப்புக்கே வந்துவிடும். அவருக்கு நடுவில் சாவி கைமாறினதே தெரியாது.

பழைய நம்பிக்கையை அப்படியே காப்பாற்ற இந்த ரெண்டும் வேணும், அதனால் வைத்தார்கள். விளைவு? தான் எந்த இடத்தில் பூட்டை வைத்திருக்கிறோம், எந்த இடத்தில் அது நழுவிப் போகிறது என்று கோட் எழுதுபவருக்கே தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. தெரிய வேண்டிய அவசியம் இல்லாதது எதுவும் நமக்குத் தெரிஞ்சிருக்காதே. இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், அந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது. பருப்பையா, ஜமுக்காளத்தையா? எல்லாத்தையும்தான். அப்படியென்றால் எதையும் இல்லை என்றும் அர்த்தம்.

1999 ஜனவரியில் 2.2 வந்தது. வாசல் பூட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, சில பகுதிகளுக்குத் தனிப் பூட்டு போட்டிருந்தார்கள். பரவாயில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது ஏப்ரலில் விழுந்தது அடி. மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம், மைக்ரோசாஃப்ட் காசில், ஒரு சோதனை நடத்தி அறிக்கை விட்டது. நாலு ப்ராசசர் வெச்ச ஒரு டெல் சர்வர், நாலு நெட்வொர்க் கார்டு. ஒரு பக்கம் விண்டோஸ் என்.டி., இன்னொரு பக்கம் லினக்ஸ். ஃபைல் சர்வராக என்.டி. 2.5 மடங்கு வேகம், வெப் சர்வராக 3.7 மடங்கு வேகம் என்று முடிவு.

லினக்ஸ் ஆளுங்க கொதிச்சுட்டாங்க. மைக்ரோசாஃப்ட் காசு வாங்கிட்டுப் பண்ணினது, லினக்ஸை ஒழுங்கா ட்யூன் பண்ணலை, மெமரியை முழுசா பயன்படுத்தலை என்று ஆளாளுக்குக் காரணம். குறை சொன்னதில் நிறைய உண்மையும் இருந்தது. ஆனால் அதே வருஷம் ஜூனில் லினக்ஸ் பக்கத்து நிபுணர்களையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி சோதித்தபோதும் என்.டி.தான் ஜெயித்தது. காரணம் எளிமையானது. நெட்வொர்க் வழியாக வருவதைக் கையாளும் பகுதியில், நாலு ப்ராசசர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒண்ணுதான் வேலை செய்தது. மத்த மூணும் வாசலில் நின்று மாமாவுக்காகக் காத்திருந்தன.

எனக்கு இந்தக் கட்டத்தில் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. சண்டை போட்டுக்கொண்டே வேலையையும் பார்த்தார்கள். டேவிட் மில்லர், அலெக்ஸி குஸ்நெட்சோவ் போன்றவர்கள் நெட்வொர்க் பகுதியை எல்லா ப்ராசசர்களிலும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி மாற்றினார்கள். 2001 ஜனவரியில் 2.4 வந்தபோது அந்த அவமானத்துக்குப் பதில் தயாராக இருந்தது. எதிரி காசு போட்டு நம்ம வீட்டு ஓட்டையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்த மாதிரி. அவமானம் ஒரு நல்ல ப்ராஜெக்ட் மேனேஜர் போல.

பூட்டே இல்லாமல் படிக்கிற ஒரு வித்தையும் இந்தக் காலத்தில் வந்து சேர்ந்தது. ஆர்சியு என்று பேர். படிக்கிறவர் யாரையும் கேட்க வேண்டாம், பாட்டுக்குப் படிக்கலாம். மாற்றுகிறவர் ஒரு நகல் எடுத்து அதில் மாற்றி, பழசைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்து அப்புறம் பழசைத் தூக்கிப் போடணும். சீக்வென்ட் கம்பெனியில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் உருவாக்கினது. சீக்வென்டை ஐபிஎம் வாங்கியதால் அது ஐபிஎம் வழியாக 2002ல் லினக்ஸுக்குள் வந்தது. அதை உள்ளே கொண்டுவந்து சேர்த்ததில் முக்கியமானவர் தீபங்கர் சர்மா, பெங்களூரு ஐபிஎம்மில் வேலை பார்த்தவர். கோரமங்கலாவில் டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். காத்திருக்காமல் போகிற வித்தையை லினக்ஸில் சேர்த்தவர் இந்த ஊர்க்காரர்!

கால்டெரா என்று சொன்னேனே. அதன் வழியில் வந்த நிறுவனம் பழைய யூனிக்ஸ் உரிமைகளை விலைக்கு வாங்கி, 2002ல் எஸ்.சி.ஓ. குரூப் என்று பேரை மாற்றிக்கொண்டது. 2003 மார்ச்சில் ஐபிஎம் மேல் கேஸ் போட்டது. யூனிக்ஸ் ரகசியங்களை ஐபிஎம் எடுத்துக் கொடுத்திருக்காவிட்டால் லினக்ஸ் பெரிய பல ப்ராசசர் மெஷின்களில் இப்படி ஓடியிருக்காது என்பது அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி. சண்டைக்கு இழுக்கப்பட்டதில் ஆர்சியுவும் ஒண்ணு. பல ப்ராசசர் லினக்ஸுக்கு முதல் போர்டு வாங்கிக் கொடுத்ததே இந்தக் குடும்பம்தான்! கேஸ் இழுத்து இழுத்து 2021ல் சமரசத்தில் முடிந்தது.

சரி, மாமாவிடம் வருவோம்.

2003 டிசம்பரில் 2.6 வந்தபோது வேகம் தேவைப்பட்ட முக்கியமான பாதைகளில் இருந்தெல்லாம் பிகேஎல் போயிருந்தது. பெஞ்ச்மார்க்கில் அது தெரிவதே இல்லை. இங்கேதான் கதை நின்றுபோயிருக்கணும். நம்ம ஆபீஸாக இருந்தால் நின்றிருக்கும். மிச்சம் இருந்ததெல்லாம் ஓரத்து அறைகள்: பழைய டிவைஸ் டிரைவர்கள், யாரும் பயன்படுத்தாத ஃபைல் சிஸ்டங்கள், டெர்மினல் கோட். எடுத்தால் வேகம் கூடாது. எடுக்காவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். எடுத்து ஏதாவது உடைந்தால் மட்டும் திட்டுவார்கள். எந்த மேனேஜர் இந்த ஆணியை அசைன் பண்ணுவார், சொல்லுங்க?

ஆனால் ஒரு கோஷ்டிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. ரியல்டைம் ஆளுங்க. ரோபோ கையையோ, ஆடியோ ரெக்கார்டிங்கையோ லினக்ஸ் வைத்து ஓட்டணும் என்றால் சராசரி வேகம் போதாது, "எந்த நிலைமையிலும் இத்தனை மைக்ரோ செகண்டுக்குள் பதில் வரும்" என்ற உத்தரவாதம் வேணும். ஏதோ ஒரு மூலையில் ஒரு பழைய டிரைவர் பிகேஎல்லை வைத்துக்கொண்டு சோம்பல் முறித்தால் உத்தரவாதம் காலி. அதனால் இங்கோ மோல்னார் பிகேஎல்லை, வைத்திருப்பவரை நடுவில் எழுப்பி ஓரமாக உட்கார வைக்கக்கூடிய செமஃபோர் வகைப் பூட்டாக மாற்றி வைத்தார். 2005ல் வந்த 2.6.11ல் அது சேர்ந்தது.

2008ல் ஒரு வேடிக்கை நடந்தது. மேத்யூ வில்காக்ஸ் செமஃபோர் கோடையே சுத்தமாகத் திருத்தி எழுதினார். நல்ல, சின்ன, அழகான கோட். சேர்த்த பிறகு ஏஐஎம்7 என்ற பெஞ்ச்மார்க் கிட்டத்தட்ட 40 சதவீதம் சரிந்தது. என்னடா என்று தோண்டினால் அடியில் உட்கார்ந்திருப்பது நம்ம மாமா! புது செமஃபோர் வரிசைப்படி நியாயமாக சாவி கொடுத்தது, அந்த நியாயமே பிகேஎல்லுக்குக் காத்திருந்தவர்களைத் தாமதப்படுத்தியது. லினஸ் யோசிக்கவே இல்லை, பிகேஎல்லைப் பழைய மாதிரியே, நடுவில் எழுப்ப முடியாத ஸ்பின்லாக்காக மாற்றிவிட்டார். ரியல்டைம் கோஷ்டி மூணு வருஷம் முன்னால் சம்பாதித்தது ஒரே நாளில் போச்சு.

இங்கோ மோல்னார் இதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோணுது. 2008 மே மாதம், பிகேஎல்லைக் கொல்வதற்கென்றே தனி கிளை ஒன்று தொடங்கினார். அந்த அறிவிப்பில் கணக்கு போட்டுக் காட்டியிருந்தார். பன்னிரண்டு வருஷம் கழிச்சும் 1300க்கும் மேற்பட்ட இடங்களில் பிகேஎல் உயிரோடு இருக்கு. 400க்கும் மேல் நேரடியாகப் பூட்டுகிற இடங்கள், 800க்கும் மேல் ஐஆக்டில் என்கிற டிரைவர் கட்டளைகள். பெரும்பாலும் சிலருக்கு மட்டுமே புரிகிற, அதைவிடச் சிலரே தொடத் துணிகிற கோட்.

எப்படிப் புடுங்கினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி. உதாரணத்துக்கு, ஒரு டிவைஸைத் திறக்கும்போது எல்லா டிரைவருக்கும் பொதுவான ஒரு ஃபங்ஷன் பிகேஎல்லை வாங்கிக்கொண்டு, அப்புறம் டிரைவரின் சொந்த ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒரே இடத்தில் பூட்டு. எடுத்துட்டால் முடிஞ்சதுதானே? இல்லை. கீழே இருக்கிற டிரைவர்களில் எது அந்தப் பூட்டை நம்பி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் தலைகீழாகப் போனார்கள். பொது ஃபங்ஷனில் இருந்து பூட்டை எடுத்துவிட்டு, கீழே இருக்கிற ஒவ்வொரு டிரைவரிலும் அதே பூட்டைப் போட்டார்கள். அதாவது, பூட்டைக் குறைக்க முதல் படி, பூட்டு வாங்குகிற இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது! மண்டப வாசலில் இருந்த ஒரே பூட்டை எடுத்துட்டு, ஒவ்வொரு பீரோவிலும் ஒண்ணு மாட்டுகிற மாதிரி. எல்லாத்துக்கும் அதே சாவிதான். ஆனால் இப்போ ஒவ்வொரு பீரோவாகத் திறந்து, "இதுக்குள்ள பூட்டுற அளவுக்கு ஏதாவது இருக்கா?" என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஒண்ணும் இல்லை என்றால் அந்தப் பூட்டைத் தூக்கிடலாம்.

டிரைவர் திறப்பதில் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் ஜோனதன் கார்பெட். இவர் எல்.டபிள்யூ.என். என்ற லினக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர். கெர்னலைப் பற்றி எழுதுகிறவர், சட்டையை மடித்துவிட்டு உள்ளே இறங்கி டிரைவர் டிரைவராகப் போனார். அவர் வேலை 2008 அக்டோபரில் வந்த 2.6.27ல் சேர்ந்தது. அந்த சமயத்தில் ஒரு ஃபங்ஷன் கூட உருவானது, அதை நினைத்தாலே சிரிப்பு வரும். பூட்டை வாங்கும், உடனே கொடுத்துவிடும். நடுவில் ஒரு வேலையும் செய்யாது. ஏன்? சில டிரைவர்களுக்குப் பூட்டு தேவையில்லை, ஆனால் "இன்னொருத்தர் பூட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவரைத் தயார் பண்ணி முடித்துவிட்டார்" என்று தெரிந்தால் போதும். ரூம் கதவைத் தட்டி, "ரெடியா?" என்று கேட்டுட்டு வருவது போல. அந்த ஃபங்ஷனின் பேர் 'சைக்கிள் கெர்னல் லாக்'. அதற்கு மேலே ஒரு சங்கடமான விளக்கக் குறிப்பு.

இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது எப்படி? அதுதான் கொடுமை. பாதி டிரைவர்களின் ஹார்டுவேர் உலகத்தில் எவர் பரணில் கிடக்கிறது என்றே தெரியாது. ஓட்டிப் பார்க்க முடியாது. படித்து, யோசித்து, "இது பாதுகாப்பானது" என்று கையெழுத்துப் போடணும். தப்பாக இருந்தால் லட்சத்தில் ஒரு தடவை மெஷின் உறையும், ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. கையெழுத்து மட்டும் நம்ம பேரில் நிற்கும்.

ரைசர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இன்னொரு தலைவலி. ஒரு காலத்தில் சூசே லினக்ஸில் அதுதான் ராஜா. அதன் கோட் முழுக்க பிகேஎல்லின் அந்தக் கண் அசந்தால் கழன்றுகொள்ளும் குணத்தை நம்பியே எழுதப்பட்டது. எழுதின ஹான்ஸ் ரைசரைக் கேட்கலாம் என்றால், அவர் 2008ல் மனைவியைக் கொன்ற வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஜெயிலுக்குப் போய்விட்டார். ஃப்ரெடரிக் வைஸ்பெக்கர் இறங்கினார். பிகேஎல்லுக்குப் பதிலாக அதே குணங்களைப் போலி பண்ணுகிற ஒரு பூட்டை ரைசர்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் செய்து, எங்கெல்லாம் தூங்குகிறதோ அங்கெல்லாம் கையால் கழட்டி, கையால் மாட்டினார். 2010 பிப்ரவரியில் 2.6.33ல் சேர்ந்தது. ஆதரவற்ற ஒரு ஃபைல் சிஸ்டத்துக்கு, அதை வைத்து ஒரு பைசா லாபம் இல்லாத ஒருத்தர் செய்த வேலை. அந்த ரைசர்எஃப்எஸ்ஸையே 2025 ஜனவரியில் வந்த 6.13ல் கெர்னலை விட்டு எடுத்துவிட்டார்கள்.

இப்போ டெர்மினல் கோட், அதாவது டிடிஒய். லினக்ஸே ஒரு டெர்மினல் ப்ரோகிராமாகத்தான் உயிர் பிடித்தது என்பதால் இது அந்த வீட்டின் மிகப் பழைய அறை. இந்த அறையைச் சுத்தம் பண்ண வந்தவர் யார் தெரியுமா? அதே ஆலன் காக்ஸ். 1996ல் பூட்டை மாட்டினவர், பல வருஷம் கழித்து அதே பூட்டு மிக ஆழமாகப் புதைந்திருந்த இடத்தில் உட்கார்ந்து கழட்டிக்கொண்டிருந்தார். 2009 ஜூலையில் அவர் செய்த ஒரு மாற்றத்தால் சில ப்ரோகிராம்கள் தடுமாறின. லினக்ஸில் ஒரு எழுதாத சட்டம் உண்டு: நேற்று ஓடின ப்ரோகிராம் இன்றைக்கும் ஓடணும், அது தப்பாகவே எழுதப்பட்டிருந்தாலும். லினஸ் அந்தச் சட்டத்தைச் சொல்லி, அவர் பாணியில் கடுமையாகவே பேசினார். ஆலன் காக்ஸ், இது அவ்வளவு சுலபம் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குப் போதும் என்ற அர்த்தத்தில் எழுதிவிட்டு, டிடிஒய் பொறுப்பாளர் இடத்தில் இருந்து தன் பேரை எடுத்துவிட்டார்.

யார் பக்கம் நியாயம்? சட்டம் சரிதான், பயனாளர் நிலைமையில் இருந்து பார்த்தால் லினஸ் சொன்னதில் தப்பில்லை. ஆனால் யாரும் தொடாத அறைக்குள் தனியாகப் போய், வருஷக்கணக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்த ஆளிடம் அதைச் சொல்லுகிற விதம் ஒண்ணு இருக்கு இல்லையா. 2018ல் லினஸே தன் பேச்சு முறைக்கு வருத்தம் தெரிவித்துக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார். அது ஒன்பது வருஷம் கழித்து.

கடைசி ஓட்டத்தை ஓடியவர் அர்ன்ட் பெர்க்மன், ஜெர்மனிக்காரர். இவர் பாணி வேற. அழகெல்லாம் பார்க்கவில்லை. டிடிஒய்யில் பிகேஎல்லை எடுத்துட்டு அதே இடத்தில் டிடிஒய்க்கு மட்டுமான ஒரு பெரிய பூட்டை வைத்தார். ஒரு மாமாவுக்குப் பதில் இன்னொரு மாமாதான், ஆனால் இவருக்கு ஒரு அறை மட்டும்தான் பொறுப்பு. 2.6.36ல், பூட்டு போட்டுக்கொண்டு கூப்பிடும் பழைய ஐஆக்டில் வழியே மூடப்பட்டது. 2011 ஜனவரியில் வந்த 2.6.37ல் பிகேஎல் இல்லாமலே கெர்னலை கம்பைல் பண்ண முடிந்தது. ஆனாலும் சில்லறை பாக்கி. ஓஎஸ்/2வின் ஃபைல் சிஸ்டம், ஏகார்ன் கம்ப்யூட்டர்களின் ஃபைல் சிஸ்டம், பழைய யூனிக்ஸ் யூஎஃப்எஸ். இதையெல்லாம் உலகத்தில் எத்தனை பேர் பயன்படுத்தினார்களோ, அவர்களுக்காகவும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினார்.

2011 மே மாதம் 2.6.39 வந்தது. அதில் பிகேஎல் இல்லை. அதை நீக்கிய மாற்றத்துக்கு அர்ன்ட் பெர்க்மன் வைத்த தலைப்பு, பழைய கார்ட்டூன் படங்களின் முடிவில் வருகிற, 'அவ்வளவுதான் மக்களே' என்கிற வாசகம். கீழே விளக்கத்தில், இதற்கான பெருமை இந்த வேட்டையில் கலந்துகொண்ட எல்லாருக்கும் போகணும் என்று எழுதி, யாரெல்லாம் அதிகம் உழைத்தார்கள் என்று கிட்டில் பதிவான வரலாற்றைப் பார்த்து, பேர்களை அகர வரிசையில் சேர்த்திருந்தார். ஆலன் காக்ஸ் பேரும் அதில் இருந்தது.

இவங்க எல்லாம் தியாகிகள் என்று சொல்ல வரவில்லை. பல பேர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு கெர்னல் வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் ஏகார்ன் ஃபைல் சிஸ்டத்தில் பூட்டை எடுன்னு எந்தக் கம்பெனியும் சொல்லியிருக்காது. பயனாளர்கள் பக்கம்? ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதுதானே வேலையே. ரியல்டைம் கோஷ்டி அதுக்கப்புறமும் ஓயவில்லை, இன்னும் பதிமூணு வருஷம் ஆணி புடுங்கி, 2024ல் 6.12 பதிப்பில்தான் அவர்கள் வேலை முழுசாக உள்ளே வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

நேத்து நண்பனுக்கு நானே போன் பண்ணினேன். என் லாக்கை எத்தனை இடத்தில் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். 43 இடம் என்றான். நான் வெச்சது ரெண்டே இடம். மத்ததெல்லாம் எனக்கப்புறம் வந்தவங்க, "ஏற்கெனவே ஒரு லாக் இருக்கே" என்று சேர்த்தது. "முதல்ல அந்த 43 பேர்கிட்டயும் தனித்தனியா லாக் இருக்கிற மாதிரி பிரிச்சிடு, அப்புறம் ஒவ்வொண்ணா பாரு" என்று மேலே எழுதின கதையை அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரிடா, அந்த ரெண்டு இடம் எதுக்குன்னாவது யோசிச்சு வை" என்றான். யோசிச்சுக்கிட்டிருக்கேன். ஒண்ணு லாக் ஃபைல் ரொட்டேஷனுக்கு என்று கிட்டத்தட்ட உறுதி. இன்னொண்ணு பிடிபடவே மாட்டேங்குது.

பி.கு: மேலே 'லாக் ஃபைல்' என்று எழுதினது பூட்டு இல்லை, சர்வர் குறிப்பு எழுதி வைக்கிற ஃபைல். தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணாகிடுது, என்ன பண்ண :-)